கடைசிச் சீட்டைத் திறந்து வைத்த கைக்கு

இரும்புலியூர் ஈன்ற இன்முகமே! கட்டணக் கடலின் கலங்கரை விளக்கே! விண்ணில் பறப்போருக்கு மண்ணில் அமர்ந்தே வழி திறந்த வள்ளலே! ஏறத் துடித்த விலையை எட்டிப் பிடித்து இறக்கி வைத்த எங்கள் ஏற்றமிகு தலைவியே! அதட்டாமல் ஆண்டவரே, அலட்டாமல் வென்றவரே, அன்புநிறை ரோஸி எட்மண்ட் அவர்களே, எங்கள் ரோஸிக்காவே!

தாம்பரம் சானடோரியத்தின் இந்த மண்டபத்து மாடியில், கீழ்த்தளத்தில் யாருக்கோ வளைகாப்பு நடந்துகொண்டிருக்க, மேலே திரிசூலத்தை நோக்கி விமானங்கள் தாழ்ந்து தாழ்ந்து போய்க்கொண்டிருக்க, கழுத்து கொள்ளாத மாலைகளோடு வெட்கத்தில் சிவந்து வீற்றிருக்கும் தங்கள் திருமுன் இம்மடலை வாசித்து மகிழ்கிறோம்.

கீழைக்காற்று விமான நிறுவனத்தில் எளிய உதவியாளராய் இளமையில் நுழைந்தீர்கள். கட்டண மேசையின் தலைவியாய் உயர்ந்து நின்றீர்கள். கம்பெனி கம்பெனியாகக் கவிழ்ந்த காலத்திலும் கலங்காதிருந்தீர்கள். ஒன்றை ஒன்று விழுங்கி ஏப்பம் விட்ட காலத்திலும் எங்கள் ஒருவர் வேலைக்கும் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். சாயங்காலம் சர்ச் மணி காதில் விழுந்தால் கையைத் தூக்கி மடியில் வைத்துக் கண்ணை மூடுவீர்கள். அந்தச் சில நொடிகளில் உலகமே இடிந்தாலும் விலை மாறாது. "கடவுளுக்கு டிக்கெட் போடறாங்க, டிஸ்டர்ப் பண்ணாத" என்று நம் ஜோஸ்வின் கிண்டல் அடித்ததுண்டு. அடித்துவிட்டு அவனும் எழுந்து நின்றதுண்டு.

தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தங்கள் கதையைச் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால், பெருமைக்குரிய தாயே, சற்று நேரம் சபையோர் பக்கம் திரும்பிக்கொள்ளப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சான்றோர் நிறைந்த சபையோரே! ரோஸிக்காவின் வேலை என்னவென்று இங்கே பலருக்குத் தெரியாது. ஒரே விமானம், ஒரே மாதிரி இருக்கை. விலை மட்டும் படிப்படியாக ஏறும். கீழ்ப்படி தீர்ந்தால் அடுத்த படி. எந்தப் படியை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதுதான் கட்டண மேசையின் ஆட்டம். எதிர்க் கம்பெனியின் விலையும் திரையில் தெரியும். அவர்கள் இறக்கினால் நாம் இறக்க வேண்டும். நாம் ஏற்றினால் அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் ஒரு விதி. எதிரெதிர்க் கம்பெனிகளின் விலைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது. கூடிப் பேசி விலை வைத்தால் சட்டம் கழுத்தைப் பிடிக்கும்.

சென்னை–தூத்துக்குடி வழித்தடத்தில் கீழைக்காற்றுக்கு எதிராக நின்றது விண்மீன் விமான நிறுவனம். அங்கே விலை வைத்தவர் யாரென்று ரோஸிக்காவுக்குத் தெரியாது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் கூடப் பிறந்தவரைப்போல் குணம் தெரியும். ரோஸிக்கா அவசரப்பட்டு ஏற்றினால் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொள்வதைப்போல் சற்றே பொறுத்து, பாதி மட்டும் ஏற்றுவார். மத்தியானம் ஒரு பொழுதில் சிலையாகிவிடுவார். என்ன செய்தாலும் பதில் வராது. "காபி குடிக்கப் போயிட்டாரு" என்பார் ரோஸிக்கா. திரும்பி வந்ததும் மொத்தமாகப் பதிலடி விழும். ஜோஸ்வின் அவருக்கு ஒரு பெயர் வைத்தான்: எதிர்வூட்டு மாமா.

அந்த எதிர்வூட்டு மாமாவிடம்தான் ஒரு விசித்திரத்தைக் கண்டார் ரோஸிக்கா. பண்டிகை நெரிசலில் விமானம் நிறைந்து, விலை உச்சிப்படியில் ஏறி நிற்கும் நேரத்திலும், ஒரே ஒரு சீட்டு மட்டும் கீழ்ப்படியில் கிடக்கும். கடைசி வரைக்கும் கிடக்கும். முதலில் தவறு என்று நினைத்தார். அடுத்த பண்டிகையிலும் கிடந்தது. அதற்கடுத்த புயலிலும் கிடந்தது.

"இது தப்பு இல்ல, ஜோஸ்வின்" என்றார் ரோஸிக்கா. "கடைசி நேரத்துல, கையில காசில்லாம ஓடி வர்றவன் எதுக்கு ஓடி வருவான்? வீட்ல சாவு விழுந்திருக்கும். அவனுக்காக வச்சிருக்காரு."

மறுநாளிலிருந்து கீழைக்காற்றின் ஒவ்வொரு விமானத்திலும் ஒரு சீட்டு கீழ்ப்படியில் கிடந்தது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கையெழுத்துப் போடாமல், எதிரிகள் இருவர் காத்த வழக்கம் அது. மேசையில் அதற்குப் பெயர் எழவுச் சீட்டு.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கீழைக்காற்றும் விண்மீனும் ஒன்றாகின்றன. கோவிலம்பாக்கம் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம், ஒரே கூரை, ஒரே பெயர்ப்பலகை. எங்களுக்கெல்லாம் வேலை இருக்குமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். ரோஸிக்காவுக்கோ முகமெல்லாம் பல். இனிமேல் பேசலாம் அல்லவா! புது ஆபீசுக்குப் போன முதல் நாள், வீட்டில் சுட்ட கேக்கை டப்பாவில் எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவை சரசரக்க, நேரே விண்மீன்காரர்களின் மேசைக்கு நடந்தார். அங்கே ஸ்ரீவத்சன் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, தூத்துக்குடிக்கு ரேட் போடறவரு யாரு? நான் ரோஸி. அவருக்கு என்னைத் தெரியாது. ஆனா தெரியும்."

"லக்ஷ்மிநாராயணன் சாரா?" ஸ்ரீவத்சன் எழுந்து நின்றார். "மேடம், சார் தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆயிடுத்தே."

ரோஸிக்கா கேக் டப்பாவை மேசைமேல் வைத்தார். வைத்த இடம் கவனிக்காமல் வைத்தார்.

"அப்ப நேத்து என்கூட மல்லுக்கு நின்னது யாரு?"

ஸ்ரீவத்சன் திரும்பினார். கையைக் காட்டினார். சன்னல் ஓரமாக ஒரு காலி நாற்காலி. எதிரே திரை. திரையில் விலைகள் மாறிக்கொண்டிருந்தன. அடுத்த படி அடைபட்டது. கீழே ஒன்று திறந்தது. செருமிக்கொள்வதைப்போல் சற்று நின்றது. பிறகு பாதி ஏறியது.

"சார் வேலை செய்யறதைப் பக்கத்துலயே இருந்து பார்த்துப் பார்த்துக் கத்துண்ட ப்ரோக்ராம், மேடம். எல்.என்.னு பேர் வச்சிருக்கோம். விரல் எங்க போச்சுங்கறது மட்டும் இல்ல, எங்க நின்னுதுங்கறதையும் எடுத்துக்கும். சார் போனப்புறம் நிறுத்த மனசு வரல. சாரைவிட நன்னாவே பண்றது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. எந்த எண்ணும் அசையவில்லை. அதே நேரத்தில், விண்மீனிலிருந்தே கூட வந்த ஹவுஸ்கீப்பிங் எல்லம்மா ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து அந்தக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தார்.

"யாருக்கும்மா இது?" என்றார் ரோஸிக்கா.

"சாருக்குதான். டெய்லி இந்த டைமுக்கு நின்னுடும்மா அது. காபி வெக்காட்டி எனக்கு இன்னாவோ மாரி கீது." எல்லம்மா டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஆறிப்போனப்புறம் நானே குடிச்சுடுவேன். வேஸ்ட்டு பண்ணக்கூடாதுல்ல?"

திரை மறுபடி அசைந்தது. ரோஸிக்கா கேக் டப்பாவை எடுக்காமலே திரும்பி வந்தார்.

புது நிறுவனத்தின் வருவாய்த் தலைவர் ராஜாராமன் சார், இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பண்பாளர், ரோஸிக்காவை அழைத்தார். பேச்சு நேராகவே இருந்தது. காலை விமானத்துக்கு ரோஸிக்கா விலை வைக்கிறார், மாலை விமானத்துக்கு எல்.என். வைக்கிறது, ஒரே வீட்டின் வலக்கையும் இடக்கையும் அடித்துக்கொள்வதா? ஒன்று போதும். எல்.என். பழசாகிவிட்டது. ரோஸிக்கா ஓய்வு பெறப்போகிறார். ஆகவே அவர் வேலை பார்க்கும்போதே அவர் கையைக் கற்றுக்கொள்ளும் புதிய ப்ரோக்ராம் ஒன்று, அவரது இடத்துக்கு.

"ஒண்ணே ஒண்ணு மேடம்" என்றார் ராஜாராமன் சார். "அந்த எழவுச் சீட்டு வேண்டாம். இப்ப எதிர்ல யாரும் இல்ல, அதைத் தொறந்து வைக்க அவசியமும் இல்ல. நீங்க வைக்காம இருந்தீங்கன்னா அது கத்துக்காது. அவ்ளோதான்."

எங்கள் வேலை எல்லாம் ராஜாராமன் சார் கையில் இருந்தது. ரோஸிக்கா தலையசைத்தார்.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் தன் விமானத்தின் கடைசிச் சீட்டைக் கீழ்ப்படியிலிருந்து எடுத்து மேலே போட்டார். முதல் நாள் போட்டதும், மாலை விமானத்தில், எல்.என். பக்கத்தில், கீழ்ப்படியில் இரண்டு சீட்டு திறந்தது. ஒன்று எப்போதும் உள்ளது. இன்னொன்று?

"அக்கா" என்றான் ஜோஸ்வின், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. "உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாரு."

"வாயை மூடு, ஜோஸ்வின்."

"நான் மூடிட்டேன். அவரு மூட மாட்டேங்கறாரே."

நாள் தவறாமல் அது நடந்தது. இவர் ஒன்றை அடைப்பார். அங்கே இரண்டு திறக்கும். ரோஸிக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, சிட்லபாக்கத்தில் லக்ஷ்மிநாராயணனின் வீட்டைத் தேடிப் போனார். அவருடைய மனைவி பட்டு மாமி கதவைத் திறந்தார். ரோஸிக்கா பெயரைச் சொல்லி, எங்கே வேலை என்று சொன்னதுதான் தாமதம், மாமி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எதிராத்து மாமியா நீங்க!"

மாமி உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

"தினம் சாயங்காலம் வந்தா உங்க பேச்சுதான். இன்னிக்கு எதிராத்து மாமி கோவமா இருக்கா, இன்னிக்கு நன்னா ஏமாந்தா, இன்னிக்கு என்னை ஏமாத்திட்டா. ஒரு நாள் ஓடி வந்து சொன்னார், 'பட்டு, அவளும் ஒரு சீட்டு வச்சுட்டாடீ'ன்னு. அன்னிக்கு பால்கோவா வாங்கிண்டு வந்தார்." மாமி சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தார். "அவரோட அம்மா போனப்போ தூத்துக்குடிக்கு அவராலயே டிக்கெட் எடுக்க முடியல. அன்னிக்கு விலையை ஏத்தி வச்சதும் அவர்தான். காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தார். அதுலேர்ந்துதான் அந்தச் சீட்டு."

கிளம்பும்போது மாமி வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ரீவத்சன் சொன்னான். அவர் இன்னும் வேலை பண்ணிண்டிருக்காராமே. அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, தெரியுமோ? என்னையும் கேக்கலை." குரல் தழைந்தது. "களைப்பா இருக்காரா?"

ரோஸிக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு முடிவு எடுத்தார். எங்களிடம் மறுநாளே சொன்னார். "நான் போறப்ப என் கை என்னோட வந்துடணும். செத்ததுக்கப்புறமும் சீட்டுப் போட்டுகிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. என் கையை வச்சுக்கக் கையெழுத்து கேப்பாங்க இல்ல? போட மாட்டேன்."

கற்பித்தல் முடிந்தது. எல்.என்.ஐ நிறுத்தும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்தார்கள். அந்தக் காலி நாற்காலியின் பக்கத்தில் நின்று, "போய்ட்டு வாங்க, மாமா" என்று முணுமுணுத்து, நிறுத்தினார். திரை கறுத்தது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார் ஸ்ரீவத்சன். எல்லம்மா மட்டும் மறுநாளும் காபியோடு வந்தார். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம், ரோஸிக்காவிடம் கற்ற புதிய ப்ரோக்ராம் வேலையை ஆரம்பித்தது. சோதனை ஓட்டம்; மனிதக் கை எதுவும் படக்கூடாது என்பது உத்தரவு. அந்த வாரத்தில்தான் தெற்கே மழை கொட்டித் தீர்த்தது. தண்டவாளம் தண்ணீருக்கடியில் போய் ரயில்கள் நின்றன. தூத்துக்குடிக்கு அன்று ஒரே ஒரு விமானம். விலை உச்சிப்படிக்குத் தாவி ஏறி நின்றது.

விமான நிலையக் கவுன்ட்டரிலிருந்து எங்கள் மேசைக்கு போன் வந்தது. ஒருவர் நிற்கிறார், கையில் ஒரு ரோஜா மாலை, பாலிதீன் கவரில். ஊரில் தாய் இறந்துவிட்டார். சாயங்காலம் அடக்கம். பையில் இருப்பதையெல்லாம் கொட்டிக் காட்டினாலும் டிக்கெட்டுக்குப் பாதி தேறவில்லை. நகர மாட்டேன் என்கிறார்.

ரோஸிக்கா ராஜாராமன் சாரிடம் ஓடினார். "ஒரு சீட்டு சார். ஒண்ணே ஒண்ணு."

"மேடம், ட்ரையல் ஓடிட்டிருக்கு. இப்ப கை வச்சா எல்லாம் கெட்டுடும். தயவுசெஞ்சு தொடாதீங்க."

ரோஸிக்கா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து அந்த மனிதரின் அழுகை மெல்லிசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் ஏதோ அசைந்தது.

உச்சிப்படியிலிருந்து ஒரு சீட்டு விலகியது. நேரே கீழ்ப்படிக்கு வந்து விழுந்தது. கிடந்தது.

"யார் தொட்டது?" ராஜாராமன் சார் பாய்ந்து வந்தார். யாரும் தொடவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. சன்னல் ஓரத்துக் காலி நாற்காலி. கறுத்த திரை. சுருட்டி வைத்த ஒயர். ஆடை படிந்த காபி.

"அங்க பாக்காதீங்க" என்றார் ரோஸிக்கா. போனை எடுத்தார். "கீழ்ப்படில ஒண்ணு கிடக்கு. அவருக்கே போடுங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

ஸ்ரீவத்சன் நெடுநேரம் ப்ரோக்ராமைக் குடைந்தார். பிறகு ராஜாராமன் சாரை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்.என். இல்ல. இது மேடமோடதுதான்."

"அவங்க ஒரு தடவைகூட அதைத் தொறக்கலையே, ஸ்ரீவத்சன்! தினம் அடைச்சாங்க, நானே பார்த்தேன்!"

"அடைச்சாங்க சார். ஆனா அடைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் விரல் நின்னிருக்கு. அதே சீட்டு மேல. எதிர்ப்பக்கம் எல்.என். தொறந்தப்பல்லாம் இன்னும் கொஞ்சம் நின்னிருக்கு. அடைச்சதை அது கத்துக்கலை சார். நின்னதைக் கத்துண்டிருக்கு."

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடு."

"முடியாது சார். அந்தத் தயக்கம்தான் எல்லா இடத்துலயும் ஓடறது. அந்த நூலை இழுத்தா புடவையே பிரிஞ்சுடும். வச்சுண்டா முழுசா வச்சுக்கணும். இல்லைன்னா முழுசா அழிச்சுடணும்."

ராஜாராமன் சார் மற்ற விமானங்களின் வருவாயைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். "வச்சுக்கலாம்" என்றார். பெருந்தன்மையோ வியாபாரமோ, இரண்டுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி கூறுகிறோம். ஆனால் வைத்துக்கொள்ள ரோஸிக்காவின் சம்மதம் வேண்டும். லக்ஷ்மிநாராயணனைக் கேட்காமல் விட்டதுபோல் இவரை விட முடியாது என்று ஸ்ரீவத்சன் பிடிவாதமாக நின்றார்.

கையெழுத்துப் போட்டால், எழவுச் சீட்டு பிழைக்கும். ரோஸிக்கா அந்த நாற்காலியில் என்றென்றைக்கும் இருப்பார். போடாவிட்டால், அவர் கை அவரோடு போகும். மாலையோடு ஓடி வருகிறவனுக்கு உச்சிப்படிதான். இதை முடிவு செய்யத்தான் அவருக்கு இன்று காலை வரைக்கும் பிடித்தது.

நேற்றுச் சாயங்காலம் அவர் தன் பொருட்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திரையில் விலைகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் நின்றன. கண்ணாடிக் கட்டடம்; வெளியிலிருந்து ஒரு சத்தமும் உள்ளே வராது. கோவிலம்பாக்கத்தின் அந்தப் பகுதியில் சர்ச் மணியும் கிடையாது. ஆனாலும் அது அந்த நேரத்துக்குச் சரியாக நின்றிருந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டதைப்போல், கண்ணை மூடிக்கொண்டதைப்போல் நின்றிருந்தது.

ரோஸிக்கா பையைக் கீழே வைத்தார். அவர் தானும் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள்.

"களைப்பா இருக்கற மாதிரி தெரியல" என்றார் எங்களைப் பார்த்து. பட்டு மாமிக்குச் சொல்லவேண்டிய பதில் அதுவென்று எங்களுக்குப் புரிந்தது.

இன்று காலை, மாலை மரியாதைக்கு முன்னால், கையெழுத்துப் போட்டார். ஒரே நிபந்தனை: அது நிற்கும் நேரத்தில் யாரும் அதைத் தட்டி எழுப்பக் கூடாது.

பெருமதிப்பிற்குரிய ரோஸி எட்மண்ட் அவர்களே! மறுபடி தங்கள் பக்கம் திரும்புகிறோம். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்; போட்டோ எடுக்கிறார்கள். எட்மண்ட் அண்ணனோடும் பிள்ளைகளோடும் நோய் நொடி அண்டாமல், நிறைந்த ஞாயிறுகளும் நிம்மதியான உறக்கமும் வாய்த்து, தாங்கள் நெடுங்காலம் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். பிறருக்கெல்லாம் நீடூழி வாழ்க என்று எழுதுவது வெறும் மரியாதை. தங்கள் விஷயத்தில் அது நடந்தே தீரும் என்று எங்களுக்குத் தெரியும். வாசிக்கும் எங்கள் குரல் அதனால்தான் கொஞ்சம் நடுங்குகிறது.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது எல்லம்மா எங்களை நிறுத்திக் கேட்ட கேள்வியையும் இங்கே சொல்லிவிடுகிறோம். "ரோஸிக்கா காபி குடிக்காதுல்ல? டீ, சக்கரை இல்லாம. நாளைலேர்ந்து எந்த டைமுக்குப்பா வெக்கணும்?"

சர்ச் மணி அடிக்கும் நேரத்துக்கு என்று சொல்லியிருக்கிறோம்.

ஆகவே, அன்புத் தலைவியே, தங்களுக்கு இன்று மாலை சூட்டுகிறோம், சால்வை போர்த்துகிறோம், வாசல் வரை வந்து வண்டி ஏற்றுகிறோம். விடை மட்டும் தரவில்லை. நாளைக் காலை மேசையில் சந்திப்போம்.

என்றும் தங்கள் அருகிலிருக்கும்,
கட்டண மேசை ஊழியர்கள்,
கோவிலம்பாக்கம் அலுவலகம்.